ப்ளஸ்ஸா, மைனஸா? வீட்டுக்கு எது முக்கியம்

திருச்சி தில்லை நகரில் 2000-களில் கல்யாணம் கண்ட பல வீடுகளின் பீரோவில், ஆல்பத்தோடு ஒரு டிவிடியும் இருக்கும். அந்தத் தட்டு மைனஸ் வகையா ப்ளஸ் வகையா என்பது அந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே ஒரு பொருட்டா?

பயனியர் நிறுவனம் 1997-இல் டிவிடி மைனஸ் ஆர் தட்டைக் கொண்டுவந்தது. பிலிப்ஸ், சோனி, எச்பி ஆகியவை சேர்ந்த எதிரணி 2002-இல் ப்ளஸ் ஆரை இறக்கியது. இரண்டிலும் கொள்ளளவு 4.7 ஜிபிதான். எழுதும் லேசர் தான் நிற்கும் இடத்தை அறியும் முறை மட்டுமே வேறு. மைனஸில் தடங்களுக்கு நடுவே பொறித்த நுண்குழிகள் வழிகாட்டும். ப்ளஸில் தடத்தின் நெளிவிலேயே முகவரி இருக்கும். வேகமாக எழுதும்போது பின்னதே துல்லியமானது என்று பொறியாளர்கள் வாதிட்டார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை எழுதி, பல ஆண்டு பார்க்கப்போகும் முகூர்த்த வீடியோவில் அந்த நுட்பம் கண்ணுக்குத் தெரியாது.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. தொடக்க காலத்தில் பழைய பிளேயர்கள் சில மைனஸை ஏற்று, ப்ளஸைத் திருப்பித் தள்ளின. ஒரு வகையை மட்டுமே எழுதும் ரைட்டர் வாங்கியவர் மாற்றுத் தட்டை வாங்கினால் காசு வீண். ஆனால் 2002-லேயே சோனி இரண்டையும் எழுதும் ரைட்டரை விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமானது. அதோடு வாங்குபவரின் கவலை தீர்ந்தது. ஒரே கருவி இரு தரப்பையும் ஏற்றால் போட்டி அவருக்குச் சுமையல்ல. ஏற்காத இடத்தில்தான் அடி விழும்: 2008 பிப்ரவரியில், ப்ளூரேவுடன் போட்டியிட்ட எச்டி டிவிடியைத் தோஷிபா கைவிட்டபோது, அதை நம்பிப் பிளேயர் வாங்கியவர்களுக்கு நேர்ந்தது அதுதான்.

கல்யாண டிவிடிக்கு உண்மையான ஆபத்து வேறு. எழுதக்கூடிய டிவிடியில் தகவலைத் தாங்குவது கரிமச் சாயப் படலம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கும். கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் திருச்சியில் இது சின்ன விஷயமல்ல. சாயமும் ஒட்டுப்பசையும் தரமாக இல்லாத மலிவுத் தட்டு, எந்தக் குறியைத் தாங்கியிருந்தாலும் முதலில் போகும். தட்டு பிழைத்தாலும் படிக்கும் கருவி வேண்டும்; தட்டுத் தொழிலோ தேய்ந்துவருகிறது. இந்தியாவின் பெரிய தட்டுத் தயாரிப்பாளரான மோசர் பேயரைக் கலைக்க 2018-இல் உத்தரவானது. எழுதக்கூடிய ப்ளூரே தயாரிப்பை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலும் டிரைவ் இல்லாமலே வருகின்றன.

ஆகவே தீர்ப்பு இது: ப்ளஸ், மைனஸ் வேறுபாடு முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமே வீட்டுக்கு முக்கியம், அதன்பின் அது நிறுவனங்களின் சண்டை. வாங்கும்போது சாயத்தின் தரத்தையும், வைக்கும்போது நிழலையும் உலர்ந்த இடத்தையும் பார்த்தவர்களே சரியாக முடிவெடுத்தவர்கள். இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். டிரைவ் கிடைக்கும்போதே அந்த வீடியோவை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, மறுபிரதி ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவரிடம் கொடுத்துவையுங்கள்.