சுழல் 2: முதல் எபிசோடுல ஊரைக் காணோம்

2022-ல் வந்த 'சுழல்' முதல் சீசனோட முதல் எபிசோடை நினைச்சுப் பாருங்க. சாம்பலூர் சிமென்ட் ஆலையில் வேலைநிறுத்தம். ராத்திரி ஆலை தீப்பிடிக்குது. சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் (பார்த்திபன்) மேல. அவரோட இளைய மகள் நிலாவையும் காணோம். குற்றம் ஊரோட பிழைப்புக்குள்ளேருந்தே கிளம்புது. சாம்பலூர் கற்பனை ஊர்தான். ஆனா சிப்காட், ஷிஃப்ட், சங்கம்னு வாழற ஓசூர்க்காரங்களுக்கு அது பழகின ஊர். கதையில வர்ற மயானக் கொள்ளையும் நம்ம காவேரிப்பட்டணத்துல வருஷாவருஷம் மாசியில நடக்கறதுதான்.

2025 பிப்ரவரி 28-ல் இரண்டாவது சீசன் வந்தது. எழுத்து அதே புஷ்கர்-காயத்ரி. இடம் கடலோரக் காளிபட்டணம். வழக்கறிஞர் செல்லப்பா (லால்) உள்பக்கம் பூட்டின வீட்டுல கொல்லப்பட்டுக் கிடக்கிறார். புதிர் நல்ல புதிர்தான். ஆனா இந்த ஊர் ஜனங்க என்ன வேலை செஞ்சு சாப்பிடறாங்க, யாருக்கு யார் மேல கோபம்? முதல் எபிசோடு முடியறப்பவும் எதுவும் மனசுல நிக்கல. அஷ்டகாளி திருவிழா கண்ணுக்கு விருந்து, அவ்வளவே.

பின்னாடி அந்தத் திருவிழாவையும் எட்டுப் பெண்களையும் முடிச்சுப் போடறாங்க, உண்மைதான். ஆனா சாம்பலூர்ல ஆலை எரிஞ்சப்ப நமக்குப் பதறுச்சு. நாளைக்கு எத்தனை வீட்டுல சம்பளம் நிக்கும்னு தெரிஞ்சிருந்தது. செல்லப்பா செத்தப்ப, கொலைகாரன் யாருன்னு மட்டும்தான் கேக்கத் தோணுச்சு. ஆலை ஊரைத் திரையில பார்க்கறதே அபூர்வம். அதைக் காட்டின தொடர்ங்கறதாலதான் இந்த ஏமாற்றம் கொஞ்சம் கூடவே இருக்கு.