பூட்டிய வீடுகள்: புது வாழ்வுத் திட்டத்தின் மக்கள் நிலை ஆய்வு குறித்து

உலக வங்கியின் கடனுதவியுடன் 2005இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற புது வாழ்வுத் திட்டம், பயனாளிகளை ஊராரைக் கொண்டே இனங்கண்டது. சமூக வரைபடம் வரைந்து, குடும்பங்களை மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதியுள்ளோர் எனத் தரம்பிரித்து, கிராம சபையின் ஒப்புதலைப் பெறும் இம்முறை ‘மக்கள் நிலை ஆய்வு’ எனப்பட்டது. வருவாய்க் கணக்கை மட்டும் நம்பும் பட்டியல்களினும் இது மேம்பட்டது என்பதே என் கருத்து. மாற்றுத்திறனாளிகளுக்கும் நலிவுற்றோருக்கும் தனி நிதி ஒதுக்கியதும் குறிப்பிடத்தக்கது.

எனினும், ஆய்வு பொதுவெளியில் நிகழ்வதால் ஒரு சிக்கல் எழுகிறது. மேற்கிந்திய மானாவாரி வேளாண்மைத் திட்டமொன்றை முன்வைத்து டேவிட் மோஸ் 1994இல் இதனை விளக்கினார்: பலர் முன்னிலையில் செல்வாக்குடையோர் கூறுவதே ஊரின் கருத்தாகிவிடுகிறது, பெண்களின் அறிவு அங்கு வெளிப்படுவது அரிது. ஊரும் காலனியும் பிரிந்துகிடக்கும் நம் சிற்றூர்களில், கோயில் திடலில் வரையும் படமும் காலனியில் வரையும் படமும் ஒன்றாக இரா.

அலகு குடும்பம் என்பது மற்றொரு குறை. மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் கைம்பெண், மகனது தரத்தையே பெறுகிறார். தைக்குப் பின் செங்கல் சூளைக்குச் செல்லும் குடும்பமோ, மாசியில் ஆய்வு நடந்தால் பூட்டிய வீடாகவே படத்தில் நிற்கும்.

எனவே ஆய்வினை இரு பருவங்களில், இரு இடங்களில், பெண்களிடம் தனித்தும் நடத்தி, படங்களின் வேறுபாட்டையும் கிராம சபையின் முன் வைத்தல் வேண்டும். பூசல் எழுமென அலுவலர் அஞ்சுவது இயல்பே. ஆயின் அப்பூசலும் தரவாதலின், அறிக்கையிலிருந்து அதனை நீக்குவதற்கில்லை.