நான்கு மில்லிமீட்டர்

ஆலங்குளத்திலிருந்து மேற்கே புறப்பட்டுப் பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை போய்ச் சேர்வதற்குள் ஒரு காரின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். நான்கு வழியாக விரிந்துவிட்ட நெல்லை–தென்காசிச் சாலை அதன் நேரோட்டத்தைக் காட்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று மேற்கே போகிறவனை முகத்தில் அறையும். ஆலங்குளத்தில் தெற்கே திரும்பி முக்கூடல் சாலையைப் பிடித்தால் அதே காற்று விலாவில் தள்ளும். புளியரைக்கு மேலே கோட்டைவாசலை நோக்கி ஏறும் எஸ் வளைவு, சாரலில் நனைந்து கிடக்கையில், முன்சக்கரங்கள் சொல்பேச்சுக் கேட்கின்றனவா என்று கேட்டுவிடும். எஞ்சினில் எத்தனை குதிரை பூட்டியிருந்தாலும் அந்த இடத்தில் உதவாது. அங்கே பேசுவது டயரும், ஸ்பிரிங்கும், ஷாக் அப்சார்பரும், அவற்றைத் தாங்கும் சேஸியும்தான்.

நம் ஊரில் கார்ப் பேச்சு என்றால் மைலேஜும் பிக்கப்பும்தான். திரும்பும் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ அதில்தான் ருசி. வளைவுக்குள் நுழைகையில் ஸ்டியரிங் வளையம் கையில் மெல்லக் கனத்து, கார் ஒருமுறை சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நிலைத்து, பிறகு தயக்கமின்றி நாம் பார்த்த திசைக்கே போகிறதே, அதைச் செய்து தருவது ஒரு கலை. தமிழ்நாட்டுக்கு அதில் சொல்லிக்கொள்ளும்படியான வரலாறும் இருக்கிறது.

சென்னையிலிருந்தே தொடங்கலாம். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. தனிச் சேஸிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய கார். முன்சக்கரங்கள் அதிசயமாகத் திரும்பும்: 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போட்டுவிடும். பின்பக்கம்தான் சிக்கல். அதன் பின் ஆக்சில் ஒரே தண்டு இல்லை. நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டிக் கீல் வைத்த இரண்டு பாதித் தண்டுகள். கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் என்பது அதன் நன்மை. ஆனால் வேகமாகத் திரும்பும்போது, பாதி வளைவில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டால், காரின் பின்பாகம் எழும். வெளிச்சக்கரம் அடிப்பக்கமாக உள்ளே மடங்கும். டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் விளிம்பில் நிற்கும். அடுத்த நொடி வால் வீசும்.

அதே ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 1962-இல் வந்தது. அதற்கும் அதே பின் ஆக்சில், அதே நோய். 1970 கடைசியில் வந்த நான்காம் பதிப்பில் டிரையம்ப் நிறுவனத்தார் கொடுத்த மருந்தை நினைத்து இன்றும் வியக்கிறேன். இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங் பட்டைக் கட்டு முழுவதும் அதுவரை நடுவில் இறுக முடுக்கப்பட்டிருந்தது. இப்போது ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவை நடுவில் அசைந்து கொடுக்கும்படி விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கும்போது கட்டு பழையபடியே தாங்கும். கார் ஒருபக்கம் சாயும்போது மட்டும் எதிர்ப்பு குறையும். பின்னால் குறைந்ததை ஈடுகட்ட முன்னால் இருந்த, சாய்வைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பாரைச் சற்றுத் தடிமனாக்கினார்கள். பின்பாகம் எழும்பும் பழக்கம் பெருமளவு அடங்கிவிட்டது. புதிய ஆக்சில் வேண்டியிருக்கவில்லை, எடையும் ஏறவில்லை. இறுக்கியிருந்ததைத் தளர்த்தியதுதான் மருந்து. ‘ஸ்டிஃப்’ என்றாலே நல்லது என்று நம்புகிற இளைஞர்கள் இந்த ஒரு கதையைக் கேட்டால் போதும்.

சென்னைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஹெரால்டுக்குப் பின் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் கீல் ஆக்சிலையே எடுத்துவிட்டு ஒரே தண்டு ஆக்சிலைப் போட்டார்கள். நம் சாலைக்கும் நம் பட்டறைக்கும் அது ஏற்ற முடிவு. ரசனையின் பக்கம் நின்று பார்த்தால் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனால் முடிவு தவறென்று சொல்ல மாட்டேன். சாலையைப் பார்த்துத்தான் சேஸியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது கோவை. 1988-இல் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். குழாய்களைப் பற்றவைத்த சட்டம், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின். அந்த எஞ்சினின் சக்தி என்ன என்று சந்தைக்குப் போய் வந்த குடும்பங்களுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் அந்தக் கார் நல்ல ஆசிரியராக இருந்தது. வளைவில் வேகத்தை இழந்தால் அதை மீட்டுத் தர எஞ்சினில் சரக்கில்லை. இழக்காமல் திரும்பக் கற்றுக்கொள்வது ஒன்றே வழி. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் போய், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தபோது அந்தப் பாடம் இன்னும் கூர்மையானது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் நுழைந்ததும் ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறைந்த சக்தியை வைத்துக்கொண்டு சேஸியைப் பேச வைத்த அவருடைய பார்வைக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அதே கோவையில்தான் நான் அதிகம் விரும்பும் உதாரணமும் பிறந்தது. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், ஷோரூம் விலை 6.39 லட்சம். 2020-இல் நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் டர்போவைப் பற்றியே எழுதினார்கள். என் கண் வேறொரு எண்ணில் நின்றது. ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் புறப்பட்டவர்கள், சாதாரண டியாகோவின் 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியை எவ்வளவு குறைத்தார்கள் தெரியுமா? நான்கே நான்கு மில்லிமீட்டர். கூடவே ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் திருத்தி, ஸ்டியரிங்கைச் செம்மைப்படுத்தி, 15 அங்குலச் சக்கரத்தில் சற்று அகலமான டயர் போட்டார்கள். அவ்வளவே.

அந்த நான்கு மில்லிமீட்டருக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்று விளங்க, இன்றைய சின்னக் கார்களின் முன் சஸ்பென்ஷனைப் பார்க்க வேண்டும். மேலே ஸ்பிரிங்கோடு நிற்கும் ஸ்ட்ரட், கீழே சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்ம். கார் தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்; கணக்கெல்லாம் அந்தச் சாய்வில் இருக்கிறது. கடையில் விற்கும் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு இரண்டு அங்குலம் இறக்கினால் ஆர்ம் படுத்துவிடும், அல்லது வெளிமுனை மேலேறிவிடும். அப்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடையின் மையம் இறங்குவதைவிட வேகமாகத் தரைக்குள் இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. தூரம் கூடினால் சாய்க்கும் விசையும் கூடும். தாழ்த்திய காரில் சாய்வு குறையும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர், ஸ்பிரிங் போதிய கடினமாக இல்லாவிட்டால், அதிகச் சாய்வை வாங்கி வருகிறார். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெடுவதால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகச் சிறிது திரும்பும். போதாததற்கு, ஸ்ட்ரட் அமுங்க இடமில்லாமல் ரப்பர் தடுப்பில் போய் முட்டும்; வளைவின் நடுவில் அது நடந்தால் அந்தச் சக்கரத்தின் பிடி சட்டென்று போய்விடும்.

தென்காசிப் பக்கத்தில் சீசன் நேரத்தில் தரையோடு தரையாக இறக்கிய கார்கள் குற்றாலம் சாலையில் வேகத்தடைக்கு வேகத்தடை குறுக்காக ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது அழகு. புளியரை வளைவில் அவற்றைவிட மாற்றமில்லாத கார் நன்றாகத் திரும்பும்.

அப்படியானால் எதில் செலவழிக்கலாம்? முதலில் டயர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகளில்தான் முழுக் காரும் நிற்கிறது. சேஸியில் செய்கிற எந்த வேலையும் அந்த நான்கும் தரையில் சமமாகப் படிந்திருக்க உதவ வேண்டும். உதவாவிட்டால் அது வீண். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் வெயில் குடித்த ரப்பர் கட்டைதான். சாரல் மழையில் அது பிடிக்காது. நல்ல டயர் போடும்போது அகலத்துக்கு ஆசைப்பட்டு 17 அங்குல அலாய்க்குத் தாவ வேண்டாம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால், பள்ளத்தில் இறங்கிய சக்கரம் திரும்பத் தரையைத் தொட நேரமாகும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் என்பது ஊஞ்சலைப் போல, ஒருமுறை அசைந்தால் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கைதான் ஷாக். பழைய காரில் இது தேய்ந்து போயிருப்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது, ஏனென்றால் அது நாள் நாளாகக் குறைந்தது. நல்ல தரத்தில் புது ஷாக்கும், வெடித்துப்போன லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குப் பதில் புது ரப்பர் புஷ்ஷும் போட்டு, அலைன்மென்ட் பார்த்தால், ஏழெட்டு வயதான காருக்கு அதுவே பெரிய அப்கிரேடு. பாலியூரித்தேன் புஷ் ஸ்டியரிங்கைக் கூர்மையாக்கும் என்பது உண்மை. அதிர்வும் சத்தமும் கூடவே வரும். தினமும் நெல்லைக்குப் போய் வருகிற காருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்குவது நுணுக்கமான வேலை. அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது. சமமான தடத்தில் சாய்வு குறையும். ஒருபக்கம் மட்டும் பள்ளமான கிராமச் சாலையில் ஒரு சக்கரத்தின் உதறல் மறுசக்கரத்துக்கும் போகும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் பாரை மட்டும் தடிமனாக்கினால், வளைவில் உள்சக்கரம் இலேசாகி வெறுமனே சுழலும். எஞ்சின் அறையில் இரண்டு ஸ்ட்ரட் முனைகளையும் இணைக்கிற பளபளப்பான கம்பி, உடலே சட்டமாகவும் இருக்கும் இன்றைய இறுக்கமான மோனோகாக் கார்களில் பெரும்பாலும் கண்ணுக்குத்தான். அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேடு வாங்கி, பிரேக் ஆயிலையும் மாற்றிவிடலாம். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். ஆரியங்காவிலிருந்து மலை இறங்கி வரும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தேய்ந்த பாகத்துக்கு நல்ல பாகம் போடுவதை அது தடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் செய்தபின் அலைன்மென்ட் எந்திரம் தரும் தாளைவிட நம்பகமான சாட்சி டயரே. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் முன்டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். வளைவுகளில் ரசித்து ஓட்டுகிறவருக்கு வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் மேல்முனை இன்னும் அரைப் பாகையாவது உள்ளே சாய வேண்டும். கேம்பர் போல்ட் போட்டால் பல கார்களில் அது முடியும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, முக்கூடல் சாலைக் காற்றில் கார் அலைபாய்ந்தால் முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டை ராடைச் சிறிது திருப்பினால் சரியாகிவிடும். குறுக்காகத் தடவும்போது பட்டன்கள் ஒருபக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் பட்டால், அதுவும் சக்கரங்களின் இந்த விரிவுக் கோணம் (டோ) சரியில்லை என்பதற்கே அடையாளம்.