சாய்த்துப் பார்க்க ஒரு லேசர்

ஒளியியலைத் தொடங்குபவர்களுக்குச் சிமுலேஷன் தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். பலவற்றில் ஆய்வகத்தையே திரையில் கட்டிவைத்திருப்பார்கள். எதைத் தொடுவதென்றே புரியாது. என் ஓட்டு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ திட்டத்தில் உள்ள ‘பெண்டிங் லைட்’டுக்குத்தான். 2002இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர், முந்தைய ஆண்டு இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன்.

ஒரு லேசர், அதில் சிவப்புப் பொத்தான், மேலே காற்று, கீழே தண்ணீர். அவ்வளவுதான். மேலே தண்ணீர், கீழே காற்று என்று மாற்றிவிட்டு லேசரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். காற்றுக்குள் போகும் கதிர் மங்கிக்கொண்டே வரும். தண்ணீருக்குள் திரும்பும் கதிர் பளிச்சிடத் தொடங்கும். 49 பாகையைத் தொட்டதும் முதல் கதிர் காணாமலே போய்விடும். பாடப்புத்தகத்தில் அசையாத அம்புக்குறிகளாக நிற்கும் முழு அக எதிரொளிப்பு, இங்கே நம் கைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது.

பெயர் சொல்லாத இரண்டு பொருள்களும் உண்டு. பாகைமானியால் கோணத்தை அளந்து ஒளிவிலகல் எண்ணை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பிடித்த குறும்பு அது. வில்லைகளையும் ஆடிகளையும் இஷ்டப்படி அடுக்கிப் பார்க்க ‘ரே ஆப்டிக்ஸ் சிமுலேஷன்’ நல்லது, ஆனால் அதைப் பிறகு திறக்கலாம். திரைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.