விக்கிமேனியா உதவித்தொகை: தகுதியை எதைக்கொண்டு அளப்பது?

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் எழுதுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களுக்கு வாய்க்கக்கூடிய பெரிய வாய்ப்பு, 2005 முதல் நடந்துவரும் விக்கிமேனியா என்னும் உலக மாநாட்டுக்குப் போய்வர விக்கிமீடியா அறக்கட்டளை தரும் உதவித்தொகைதான். பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். கேட்பவர்கள் பலர், இடங்கள் சில. எனவே தேர்வு முறையைப் பற்றிய முணுமுணுப்பும் ஓய்வதில்லை.

இந்த முறையின் பலம், தேர்வாளர்கள் எட்ட நிற்பது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடுகிறார்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய சமூகத்தில் "அவருக்கு வேண்டியவர், அதனால் கிடைத்தது" என்ற பேச்சு எளிதில் கிளம்பும். வெளியார் தேர்வு செய்தால் அதற்கு இடமில்லை.

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத தேர்வாளர் ஒரு தமிழ்ப் பயனரின் உழைப்பை எப்படி எடைபோடுவார்? கண்ணில் படுவது தொகுப்பு எண்ணிக்கை. கருவியைக் கொண்டு கட்டுரைகளின் பகுப்புகளை மாற்றினால் ஒரே மாலையில் அது நூற்றுக்கணக்கில் ஏறும். விக்கிமூலத்தில் பழைய நூலை மெய்ப்புப் பார்ப்பவரோ, எழுத்துணரி மென்பொருள் 'கா'வை 'கர' என்று படித்துவைத்த இடங்களை மூலப் படத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறார். ஒரு பக்கம் முடிந்தால் அவர் கணக்கில் சேர்வது ஒரே ஒரு தொகுப்பு.

இன்னொரு குறை விண்ணப்பத்துக்கும் முந்தையது. பெரியபாளையத்தில் இருந்துகொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர் இரவில் கைபேசியில் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாவுக்குச் சென்னை போனால் அன்றைய கூலி போச்சு. சிங்கப்பூர் (2023), போலந்தின் கத்தோவிட்சே (2024) மாநாடுகள் இரண்டுமே ஆகஸ்டில், ஆடி மாதம் முடிவதற்குள் தொடங்கின. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும் அந்த நாட்களில் கடை வைத்திருப்பவரால் ஊரைவிட்டு நகர முடியாது. வேப்பிலையை ஆடையாக உடுத்தும் வேப்பஞ்சேலை நேர்த்திக்கடனைப் படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றக்கூடியவரும் அவர்தான். ஆங்கிலத்தில் சரளமாக எழுதுபவர், ஏற்கெனவே மாநாடு கண்டவர் ஆகியோரின் விண்ணப்பங்களோ இயல்பாகவே எடுப்பாக அமைந்துவிடுகின்றன.

அதற்காகப் பழையவர்களை அடியோடு ஒதுக்குவதும் சரியாகாது. பிற மொழிச் சமூகங்களோடு தொடர்பை வளர்த்து, நல்கை பெறும் வழியறிந்து வருபவர்கள் பெரும்பாலும் அவர்களே. இடங்களில் ஒரு பங்கைப் புதியவர்களுக்கென ஒதுக்கினால் போதும்.

அருகில் இருப்பவர்களின் அறிவும் எட்ட இருப்பவர்களின் நடுநிலையும் சேர வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுத விடலாம். தமிழ்ச் சமூகத்தில் விண்ணப்பிக்காத இருவர் விண்ணப்பித்தவர்களின் பங்களிப்புகளைப் படித்து, மதிப்பெண் போடாமல், குறிப்பு மட்டும் எழுதித் தரலாம். முடிவு வெளிக் குழுவின் கையிலேயே இருக்கட்டும். விசா, சென்னைப் பயணச் செலவை முன்பணமாகத் தர வேண்டும்.

கிடைக்காதவருக்கு இரண்டு வரியில் காரணம் சொல்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஊதியம் இல்லாத வேலையில் ஒருவரைப் பிடித்துவைப்பது மதிப்பு ஒன்றுதான். காரணம் தெரிந்தவர் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பார். தெரியாதவர் தொகுப்பதையே நிறுத்திவிடக்கூடும்.