பருவம் அறிந்து வைத்த பூ

பெரியவர்கள் இருக்கும் சபையில் இகெபானா என்னும் ஜப்பானிய மலர் அலங்காரக் கலையின் பள்ளிகளை எடைபோட்டு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நம் சங்க மலரின் குழுவினர் விடவில்லை.

இகெனோபோ, ஒஹாரா, சோகெட்சு மூன்றின் பரம்பரையும் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். இகெனோபோ பிறந்த ரொக்காகுதோ கோயிலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இகெனோபோவின் ரிக்கா என்னும் நிமிர்ந்த அலங்கார முறையில், தாமரையை வைத்தால் காய்ந்த இலையும் விதைக்காயும் போன காலம், விரிந்த பூ நிகழ்காலம், மொட்டு வருங்காலம். முக்காலமும் ஒரே கலத்தில். 1927இல் சோஃபு தெஷிகஹாரா தொடங்கிய சோகெட்சு, இரும்பையும் கல்லையும்கூட ஏற்றுக்கொண்டது. அதன் ரசிகர்கள் நம் சங்கத்திலேயே இருப்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ஒஹாராக்காரி. எங்கள் பள்ளியை நிறுவிய உன்ஷின் வழிவந்த, தட்டையான கலத்தில் அடுக்கும் மொரிபனாவில் தண்ணீரே பருவம் சொல்லிவிடும். கோடை என்றால் செடிகளைப் பின்னுக்குத் தள்ளி நீர்ப்பரப்பைத் திறந்துவைப்போம். குளிர்காலத்தில் செடிகளை முன்னால் கொண்டுவந்து நீரை மறைப்போம். ககித்சுபதா என்னும் ஜப்பானிய ஐரிஸ் பூ வசந்தத்தில் இலைகளுக்குள் ஒதுங்கியிருக்கும், கோடையில் இலையைத் தாண்டி எழும், இலையுதிர்காலத்தில் மறுபடி தாழும். கூடவே பழுத்த இலையும் விதைக்காயும் சேரும். இந்த ஒரு செடியை வைத்தே எங்கள் டீச்சர் முழு ஆண்டையும் நடத்திவிடுவார். சென்னையில் அது ஏது என்று யாராவது முனகினால், சித்திரைக் கொன்றையையும் ஐப்பசி நாணலையும் பார்த்துவிட்டு வா என்பார். பூச்சி அரித்த இலையைக் கத்தரிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கண்டிப்பை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இப்போது, யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, சில மேடைகளில் ஆடியிலும் தையிலும் அதே ஓசூர் ஜெர்பரா, அதே கார்னேஷன். குளிர்பதன அறையில் இருந்து வரும் பூவுக்கு மாதம் ஏது? பூவைக் குத்தி நிறுத்தும் முள்தட்டான கென்சான் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை ஸ்பாஞ்சு. வாடிய ஓரம் தெரிந்தால் உடனே கத்தரி. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றி, செல்போனில் படம் எடுத்ததும் கலைத்துவிடுகிறார்கள்; மூன்றாம் நாள் அந்தப் பூ என்ன ஆகிறது என்று பார்க்க ஆளில்லை. நாலு வகுப்பு முடிவதற்குள் சான்றிதழ் கேட்கிறார்கள். கிடைத்ததும் கல்யாண மண்டப மேடை, ஓட்டல் வரவேற்பறை, பெயர்ப்பலகை! சுயிபான் என்னும் தட்டையான நீர்க்கலத்தில் பிளாஸ்டிக் தாமரை மிதந்ததையும் பார்த்தாயிற்று. பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். காய்ந்த இலைக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை அடுத்த கண்காட்சிக்கு முன்பாவது மறுபரிசீலனை செய்யுங்கள். தலைவி அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.