எக்ஸ்டென்ஷனை எந்த பிரவுசர் ஒழுங்காகக் கழற்றவிடுகிறது?

2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சைபர்ஹேவன் நிறுவன ஊழியர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குரோம் வெப் ஸ்டோர் அனுப்பியது போன்ற தோற்றம். ‘உங்கள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மீறுகிறது, நீக்கப்போகிறோம்’ என்ற மிரட்டல். அவர் இணைப்பைத் தட்டி, கேட்ட அனுமதியைக் கொடுத்தார். அன்றிரவே அந்த எக்ஸ்டென்ஷனின் நஞ்சேறிய பதிப்பு ஸ்டோரில் ஏறியது. தானாகப் புதுப்பித்துக்கொண்ட பிரவுசர்களில் எல்லாம் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. நிறுவனம் கண்டுபிடித்து எடுப்பதற்குள் ஏறத்தாழ ஒரு நாள் போய்விட்டது. அந்த எக்ஸ்டென்ஷனை வைத்திருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். வேடிக்கை என்னவென்றால், சைபர்ஹேவனின் தொழிலே தகவல் கசிவைத் தடுப்பதுதான்.

அந்த 4 லட்சம் பேரில் யாரும் தவறான எதையும் கிளிக் செய்யவில்லை. என்றோ நிறுவிய ஒன்று, அவர்கள் தூங்கும்போது வேறொன்றாக மாறியது. ஆகவே எக்ஸ்டென்ஷன்களைக் கையாள்வதில் ஒரு பிரவுசர் எப்படி என்று பார்க்கும்போது, நீக்கும் பொத்தான் எத்தனை கிளிக் தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பெரும்பாலான பிரவுசர்களில் அது பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்கள் எதையெல்லாம் பார்க்கலாம், தானாக மாறுவதைத் தடுக்க வழி உண்டா என்பதில்தான் பிரவுசர்கள் பிரிகின்றன.

குரோமில் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் ஜிக்சா துண்டு போல ஒரு சின்னம். அதைத் தட்டினால் பட்டியல் விரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளில் நீக்கும் வசதி. பத்து விநாடி வேலை. ஆனால் அங்கேயே நின்றுவிடுபவர்கள் குரோமின் சிறந்த வசதியைத் தவறவிடுகிறார்கள். எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தில் ‘சைட் ஆக்சஸ்’ என்ற பகுதி இருக்கிறது. எல்லாத் தளங்களிலும் இயங்கலாமா, குறிப்பிட்ட தளங்களில் மட்டுமா, அல்லது சின்னத்தைக் கிளிக் செய்யும்போது மட்டுமா என்று அங்கே தீர்மானிக்கலாம். கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் வங்கித் தளத்தில் விழித்திருக்க என்ன அவசியம்? பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு வைத்திருப்பது மின்னஞ்சலைப் படிக்க எதற்கு? இரண்டையும் ‘ஆன் கிளிக்’ என்று மாற்றிவிட்டால் கூப்பிடும்போது மட்டும் வரும். விளம்பரத் தடுப்பான், தமிழ்த் தட்டச்சு போல எங்கும் இயங்கவேண்டியவற்றுக்கு மட்டும் இது சரிப்படாது.

குரோமின் குறை புதுப்பிப்பில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். சாதாரணப் பயனர் அதை நிறுத்த ஒரு சுவிட்ச் கிடையாது. புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால் குரோம் அதை முடக்கிவைத்து, சம்மதமா என்று கேட்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் நாளே ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கிவிட்ட எக்ஸ்டென்ஷனுக்கு மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? அது எப்படி மாறினாலும் மணி அடிக்காது.

தி கிரேட் சஸ்பெண்டர் கதை அப்படித்தான் நடந்தது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய இந்த எக்ஸ்டென்ஷனுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்கள். 2020 ஜூனில் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். வாடகை வீட்டில் குடித்தனக்காரர் மாறியது வீட்டுக்காரருக்கே தெரியாத நிலை. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை ஸ்டோரிலிருந்து எடுத்ததோடு, பயனர்களின் கணினிகளிலும் முடக்கியது. அந்த நொடியில் உறங்கிக்கொண்டிருந்த டேப்கள் எல்லாம் காணாமல் போயின. பிரவுசர் வரலாற்றில் அந்த டேப்களின் நீண்ட முகவரிக்குள் உண்மையான தள முகவரி ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக மீட்டார்கள் பலர்.

பின்னாளில் குரோம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2023இல் வந்த 117ஆம் பதிப்பிலிருந்து, நிறுவிய எக்ஸ்டென்ஷன் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டால், அதாவது உருவாக்கியவரே விலக்கிக்கொண்டாலோ, விதிமீறலுக்காக நீக்கப்பட்டாலோ, தீங்கானது என்று குறிக்கப்பட்டாலோ, அமைப்புகளில் உள்ள பாதுகாப்புச் சோதனை அதைச் சுட்டிக்காட்டுகிறது. விற்கப்பட்டது என்ற தகவலை மட்டும் சொல்வதில்லை.

தானியங்கிப் புதுப்பிப்பு என்ற ஓட்டையை ஃபயர்பாக்ஸ் ஓரளவு அடைத்திருக்கிறது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்டென்ஷன் பக்கம் திறக்கும். ஒவ்வொன்றின் விவரத்திலும் கடைசியாகப் புதுப்பித்த தேதி, தானியங்கிப் புதுப்பிப்பை அதற்கு மட்டும் நிறுத்தும் தேர்வு. பல்சக்கரச் சின்னத்துக்குள் அண்மைப் புதுப்பிப்புகளின் பட்டியல். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற முத்திரை பெற்ற எக்ஸ்டென்ஷன்களை மொஸில்லாவின் ஆட்களே நிரலைப் பார்த்து ஆராய்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: புதுப்பிப்பை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். மறந்துவிடும் சுபாவம் உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஃபயர்பாக்ஸும் சறுக்கியதுண்டு. 2019 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்கப் பயனர்களின் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே இரவில் செயலிழந்தன.

எட்ஜ் ஏறக்குறைய குரோமின் அச்சு. தனியாகச் சொல்ல அதிகமில்லை.

முடக்குவதும் நீக்குவதும் ஒன்றல்ல என்பதை எந்த பிரவுசரும் உரக்கச் சொல்வதில்லை. முடக்கினால் அதன் அமைப்புகள் அப்படியே இருக்கும். நீக்கினால் கணினியில் அது சேமித்ததெல்லாம் போகும். குறிப்பெடுக்கும் எக்ஸ்டென்ஷனையோ, பல வருடமாகச் செதுக்கிய வடிகட்டிப் பட்டியலையோ கழற்றுமுன் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விளம்பரத் தடுப்பானான யுபிளாக் ஆரிஜினில் அமைப்புகளைக் கோப்பாகச் சேமிக்கும் பொத்தான் உண்டு. ஒன்று பிரவுசரை மெதுவாக்குகிறது என்ற சந்தேகம் மட்டும்தான் என்றால் முதலில் முடக்குவதே போதும். விண்டோஸ் குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்பது தெரியும்.

இனி, போகமாட்டேன் என்று அடம்பிடிப்பவை. நீக்கும் பொத்தான் மங்கலாக இருக்கும். ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று குரோம் சொல்லும். அலுவலக மடிக்கணினி என்றால் அது நிர்வாகியின் முடிவு, கைவைக்கக் கூடாது. வீட்டுக் கணினியில் அப்படி வந்தால் உஷாராக வேண்டும். ஒரு தீநிரல் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கொள்கை விதி எழுதி, தன்னைக் கட்டாய எக்ஸ்டென்ஷனாக்கிக்கொண்டிருக்கலாம். போலிப் பதிவிறக்கத் தளங்கள் வழியாகப் பரவிய இத்தகைய ஒன்று குரோமிலும் எட்ஜிலும் குறைந்தது 3 லட்சம் பேரைத் தாக்கியதாக ரீசன்லேப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியை வைத்துக்கொண்டு, அது மீண்டும் மீண்டும் இயங்கியது. எனவே வேர் விண்டோஸில் இருக்கும்போது பிரவுசரை அழித்து மறுபடி நிறுவுவதால் பலனில்லை. முதலில் ஆன்டிவைரஸ் சோதனை, பிறகு அந்தப் பணியையும் ரெஜிஸ்ட்ரி விதியையும் நீக்குவது, கடைசியாகத்தான் பிரவுசர். கணக்கின் ஒத்திசைவையும் மறக்கக் கூடாது: பழைய கணினியில் விட்டுவைத்த குப்பை, புதியதில் உள்நுழைந்ததும் கூடவே வந்து இறங்கும்.

கைபேசிக்கு வந்தால் கதை மாறுகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் வசதியே இல்லை. அங்கே திடீர் திடீரென்று விளம்பரம் குதித்தால், இல்லாத எக்ஸ்டென்ஷனைத் தேடி அலையவேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான் காரணம். தள அமைப்புகளில் போய் அதை ரத்து செய்தால் போதும். ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவை அகலத் திறந்தது. மெனுவில் சென்று, பெயரைத் தட்டி நீக்கலாம். கணினியில் செய்வது போலவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷன் வசதி தந்த கிவி பிரவுசரை இன்னும் வைத்திருப்பவர்கள் அதை விட்டு வெளியேறுவது நல்லது. 2025 தொடக்கத்தில் அதன் வளர்ச்சி நின்றுவிட்டது.

ஐபோனில் 2021இன் ஐஓஎஸ் 15 முதல் சஃபாரிக்கு எக்ஸ்டென்ஷன் உண்டு. அவை ஆப் ஸ்டோர் செயலிக்குள் பொதிந்து வருவதால், பிரவுசருக்குள் அணைக்கத்தான் முடியும்; முழுதாகக் கழற்றச் செயலியையே அழிக்கவேண்டும். மேக்கிலும் இதே சுற்றுவழிதான். எரிச்சல்தான் என்றாலும், ஒரு தளத்தில் ‘ஒரு நாள் மட்டும்’ அனுமதி கொடுக்கும் வசதிக்காக ஆப்பிளை மன்னிக்கலாம். மற்ற பிரவுசர்கள் இதைக் காப்பியடிக்கலாம்.

கணினியில் கட்டுப்பாடு வேண்டுபவர்களுக்கும், ஆண்ட்ராய்டில் எக்ஸ்டென்ஷன் வேண்டுபவர்களுக்கும் ஃபயர்பாக்ஸ்தான் முதல் தேர்வு. குரோமை விடமுடியாதவர்கள் இன்றைக்கே பட்டியலைத் திறந்து, தேவையற்றதை நீக்கி, மிச்சமிருப்பதில் முடிந்தவற்றையெல்லாம் ‘ஆன் கிளிக்’குக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.